தேய்த்த எழுத்து

நாகராசு ட்யூப் வாங்கப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறியதும் அவன் மனைவி கலைமதி பஞ்சர் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். உச்சிவெயில். ஆவணி பிறந்தும் ஆடிக்காற்று அடங்கவில்லை. பைபாஸ் ரோட்டுப் புழுதியை அள்ளிவந்து ஷட்டருக்கு அடியில் கொட்டிவிட்டுப் போனது. திருமயம் கோட்டைப் பாறையில் பட்டுத் திரும்பிய வெக்கை தகரக் கூரையில் இறங்கியது. பக்கத்து டீக்கடை மாஸ்டர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே படுத்துவிட்டார். பார்க்க ஆளில்லை என்று நிச்சயமான பிறகு, சுவரில் சாய்த்திருந்த நாலு புது டயர்களில் ஒன்றை உருட்டிவந்து படுக்கப்போட்டாள். குவளையில் தண்ணீர், உப்புத்தாள், கறுப்புப் பாலிஷ் டப்பா எல்லாவற்றையும் காலையிலேயே ஜாக்கிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். நல்ல காரியத்துக்கு யாரும் சாமானை ஒளித்துவைக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரிந்தது.

டயரின் பக்கவாட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள் புடைத்து நின்றன. அவற்றின் கீழே சின்ன எழுத்தில் அவற்றின் விரிவு. இது கார் டயர் இல்லை, மாட்டுவண்டி டயர் என்று சொல்லுகிற எழுத்து. கலைமதி உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி முதல் எழுத்தின்மேல் வைத்து அழுத்தினாள். ரப்பர் லேசில் விடவில்லை. தேய்க்கத் தேய்க்க எள்ளைப் பொடித்த மாதிரி கருந்தூள் உதிர்ந்தது. எழுத்துப் போகும் முன்னே அவள் ஆள்காட்டி விரல் தோல் போனது. அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனபோது, திருடியைப் போலக் குந்திய இடத்திலேயே உறைந்து, பிறகு மறுபடி தேய்த்தாள்.

இந்த டயர்கள் போகவேண்டியது ஆத்மநாதன் வீட்டு ரங்கூன் காருக்கு. ஆத்மநாதனின் தாத்தா ரங்கூனில் அரிசி வியாபாரம் செய்து, அந்தக் காசில் வாங்கிய அமெரிக்கக் கார் அது. திறந்த கார். ஆள் நெஞ்சுக்கு நிற்கிற முன்மூக்கும், கம்பி வைத்த உயரச் சக்கரமும், மடக்குகிற துணிக்கூரையுமாக இருக்கும். ரொம்ப காலம் வைக்கோல் கொட்டகையில் கோழி அடைகாத்துக் கிடந்ததை, கோயம்புத்தூர் மில்லில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்று வந்த ஆத்மநாதன் வெளியே இழுத்து உயிர் கொடுத்தார். இன்ஜின் பாடியது, பச்சைப் பெயின்ட் பளபளத்தது. டயரில்தான் வினை வந்தது. அந்த உயரத்துக்கு டயர் கிடைக்காமல், மெக்கானிக் ஒருவர் சின்னச் சக்கரம் மாட்டி ரேடியல் டயரைப் போட்டுவிட்டார். மெட்ராஸில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு ஆத்மநாதன் பெருமையாகக் கொண்டுபோனார். அங்கே ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பட்டுவேட்டி கட்டிக்கிட்டு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கு" என்றாராம். ஆத்மநாதன் சாயங்காலம் வரைக்கும் நிற்காமல் காரை லாரியில் ஏற்றிவிட்டார்.

இதை அவரே கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னார். கையில் ஒரு போட்டோ வைத்திருந்தார். தாத்தா மாப்பிள்ளைக் கோலத்தில் அந்தக் காரில் உட்கார்ந்திருக்க, பின்னால் கோட்டை. மகள் கார்த்திகாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு அதே காரில், அதே மாதிரி போட்டோ. அதுதான் அவர் ஆசை.

"டயரைப் பாரு நாகராசு. ஒடிசலா, உசரமா நிக்கிது பாத்தியா. ரேடியல் மாதிரி வயிறு பிதுங்கக் கூடாது. தரையில படுற முகத்துல கோடு நீளவாக்குல ஓடணும். பழைய சக்கரம் நாலும் கொட்டகையில அப்படியே கெடக்கு. பத்தொம்பது இஞ்ச்."

"வெளிநாட்டுல செய்றாங்களாமேங்கய்யா."

"செய்றான். சொல்லிவிட்டு கப்பல்லயும் வந்துருச்சு. சுங்கத்துல நிக்கிது. அவன் விடுறதுக்குள்ள எம்பொண்ணு பிள்ளை பெத்துருவா."

நாகராசு சிரித்தான். சிரித்தவன் சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் நாலுபேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கப்பல் எதுக்குங்கய்யா, நான் இங்கிட்டே புடிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டான்.

சொல்லிவிட்டுக் காரைக்குடி போனான், திருச்சி போனான். ரேடியல் இருந்தது, ஜீப் டயர் இருந்தது, டிராக்டர் டயர் இருந்தது. பத்தொன்பது என்றதும், மியூசியத்தில் போய்க் கேளுங்கள் என்று ஒரு கடைக்காரர் சொல்லி அனுப்பினார். டீக்கடையில் தினமும் விசாரிப்பு நடந்தது. "என்ன நாகராசு, டயரு காய்ச்சிருச்சா, இன்னும் பூவுலதான் நிக்கிதா?" அவன் டீ குடிப்பதையே நிறுத்தினான். கலைமதி வீட்டிலேயே கடுங்காபி போட்டுத் தூக்கில் கொண்டுவந்தாள்.

கடைசியில் புதுக்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிர்க்கடை வாசலில் அது நின்றது. ஒடிசலாக, உயரமாக, முகத்தில் நீளவாக்கில் கோடு ஓட. நாகராசு ரோட்டைத் தாண்டிப்போய்ச் சாண் போட்டுப் பார்த்தான். அளவு அச்சாக இருந்தது. மாட்டுவண்டி டயர். அந்த அளவில் இன்றைக்கு மாட்டுக்கு மட்டும்தான் டயர் வருகிறது என்று அவனுக்குத் தெரியும். காருக்கென்று யோசித்ததால் மாடு ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

லோடு ஆட்டோவில் நாலையும் கொண்டுவந்து இறக்கியபோது அவன் முகத்தில் அப்படி ஒரு களை. "ஐயாகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாரு. ஒலகமெல்லாம் தேடுனது மாட்டுக் காலடியில கெடந்துருக்கு" என்றான்.

கலைமதி சிரிக்கவில்லை. "மாட்டுவண்டி டயருன்னு சொல்லப்போறீங்களா?" என்றாள்.

"பின்ன? மாடு போற வேகத்துக்குச் செஞ்சதுல்ல. பைய ஓட்டணும், சொல்லாம எப்படி?"

"பைய ஓட்டணும்னு மட்டும் சொல்லுங்க. மாட்டைக் கல்யாணம் முடிஞ்சு சொல்லிக்கலாம். மாப்பிள்ளை உக்காரப் போற காரு. நாலு பேரு வாயில விழுந்துறாதீங்க."

அவன் வாதாடிப் பார்த்தான். அவள் விடவில்லை. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளத்துக்குப் பின்னால் நடந்துபோகிற வேகத்தில்தானே கார் வரப்போகிறது, அதில் என்ன ஆபத்து என்று கேட்டாள். அது அவனுக்கும் சரியாகப் பட்டது. போய், பைய ஓட்டணும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். எழுத்தைத் தேய்க்கிற யோசனை அவனுக்குக் கிடையாது. அவனுக்கு டயரில் இருக்கிற எண் தெரியும், ஆங்கில எழுத்துத் தெரியாது. அது எழுத்தாக நிற்பதே அவன் கண்ணில் பட்டிருக்காது. கலைமதிக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

அந்த எழுத்துகளை அவளுக்குச் சின்னதிலேயே தெரியும். மணமேல்குடியில் அவளுடைய அப்பா சவுக்கு விறகு ஓட்டுகிற வண்டிக்காரர். பள்ளிக்கூடம் போகும்போது வண்டியிலேயே ஏற்றிக்கொள்வார். பின்னால் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தலையைக் கீழே தொங்கவிட்டுச் சுற்றுகிற டயரில் எழுத்துப் படிப்பாள். வகுப்பில் கற்றதை முதலில் வாசித்துப் பார்த்தது அதில்தான். "என்ன ஆத்தா எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்பார். விவரம் தெரிகிற வயது வந்தபோது, "கம்பெனி பேருப்பா" என்று சொல்லிவிட்டாள். அந்த வருஷம்தான் வகுப்பில் பிள்ளைகள் அவளைப் பார்த்து ஹை ஹை என்று மாடு ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் தெரிகிற வளைவுக்கு முன்னாலேயே பனைமரத்தடியில் இறங்கிக்கொள்வாள். கொஞ்சநாளில் அப்பா தானாகவே அங்கே மாட்டை நிறுத்த ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டதில்லை. எட்டாவதோடு அவள் பள்ளிக்கூடமும் நின்றது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாலு டயரையும் தேய்த்து முடிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு சைக்கிள்கள் வரத் தொடங்கிவிட்டன. வெளிப்பக்கம் வருகிற முகத்தை மட்டும்தான் தேய்த்தாள். உள்பக்கத்தைக் குனிந்து யார் பார்க்கப் போகிறார்கள்? பாலிஷைத் துணியில் தொட்டு வட்டமாகப் பூசினாள். டயர் காக்கைச் சிறகு மாதிரி மின்னியது. தேய்த்த இடம் மட்டும் தடவினால் வழுவழுவென்றிருந்தது. சாயங்காலம் நாகராசு வந்து பார்த்துவிட்டு, "என்ன புள்ள, பொண்ணு பாக்க வாராகளா?" என்றான். அவள் விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் கார் நின்ற கோலத்தைப் பார்க்கச் சந்தைக்கூட்டம். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். ஆத்மநாதனின் தங்கை மகன் வசந்த் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். பஞ்சர் ஆனால் பார்க்க நாகராசு பம்ப்போடு பக்கத்தில் நின்றான். ஆத்மநாதன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவனைக் காட்டினார். மெட்ராஸ்காரனால் முடியாததைத் திருமயத்தில் முடித்தவர் இவர்தான் என்றார். அதோடு விட்டாரா, ஒரு சரிகைத் துண்டை எடுத்து அவன் தோளில் போர்த்தி, மேளக்காரரை ஒரு சுற்று வாசிக்கவும் சொன்னார். நாகராசுக்கு நிற்கத் தெரியவில்லை. கையைக் கட்டினான், அவிழ்த்தான். ஆத்மநாதனின் மனைவி பிரகதாம்பாள் கலைமதி கையில் பழத்தட்டு ஒன்றைக் கொடுத்து, "நீயும் வரிசைல வா கலை, ஒங்க வீட்டு விசேஷம்தான் இது" என்றார். கலைமதிக்குத் தட்டு கனத்தது. பெண்களோடு சேர்ந்து நடந்தாள். கார் சக்கரம் சுற்றும்போதெல்லாம் வழுவழுத்த இடத்தில் வெயில் பட்டுப் பளிச்சென்றது. மற்றவர்களுக்கு அது பாலிஷ். அவளுக்கு மட்டும் யாரோ கண்ணாடியைக் காட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அவள் யோசிக்காத ஒன்று மண்டப வாசலில் நின்றது. கார்த்திகாவின் தாய்மாமன், அரிமளம் ஊர்ப் பக்கத்திலிருந்து சீர் கொண்டுவந்திருந்தார். இப்போது தாய்மாமன்கள் சீரை வேனில் கொண்டுவருவதில்லை. அலங்கரித்த மாட்டுவண்டியில் கொண்டுவருவதுதான் பெருமை. கொம்புக்குக் குஞ்சம் கட்டி, கழுத்துக்குச் சலங்கை கட்டி, வாழைத்தாரும் பித்தளைக் குடமும் பீரோவும் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் டயர் வண்டி.

போட்டோகிராபர் அதைப் பார்த்ததும் துள்ளிவிட்டார். முன்வண்டியைக் காரோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார். பழைய காரும் மாட்டுவண்டியும் ஒரே படத்தில் வந்தால் அமோகமாக இருக்குமாம். வண்டிக்காரர் பிச்சை மாட்டைத் தட்டிக் கொண்டுவந்து சக்கரத்துக்குச் சக்கரம் சேர்த்து நிறுத்தினார். இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தவர், அப்படியே குனிந்து பார்த்தார். தன் வண்டி டயரைப் பார்த்தார். கார் டயரைப் பார்த்தார். மறுபடி தன் டயரைப் பார்த்தார்.

"ஏ மாமா, இங்கிட்டு வாங்க" என்று தாய்மாமனைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை காரும் நம்ம மாடும் ஒரே கடையில செருப்பு எடுத்துருக்காக."

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளைகூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஆத்மநாதனும் முதலில் சிரித்தார். கலைமதிக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது, அவர் மனம் விட்டுத்தான் சிரித்தார். அதோடு முடிந்திருக்கும். பிச்சைக்கு வாய் நிற்கவில்லை.

"ஒண்ணு மட்டும் வித்தியாசம். எங்க வண்டியில எழுத்து இருக்கு. இவுக காருல யாரோ எழுத்துக்கு மொட்டை போட்டு விட்டுருக்காக."

ஆத்மநாதன் குனிந்து கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். விரலில் கறுப்பு ஒட்டியது. பக்கத்து வண்டி டயரில் அதே இடத்தில் எழுத்து புடைத்து நிற்பதைப் பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது சிரிப்பு முகத்தில் இல்லை. நாகராசைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போகவில்லை. குரலை மட்டும் இறக்கினார். இறக்கினதால் எல்லோரும் காதைக் கொடுத்தார்கள்.

"மாட்டுவண்டி டயருன்னு சொல்லியிருந்தா நானே மாட்டச் சொல்லியிருப்பேன் நாகராசு. ஊரெல்லாம் பெருமையாச் சொல்லியிருப்பேன். எதுக்குத் தேச்ச?"

நாகராசு டயரைப் பார்த்தான். அந்த வழுவழுப்பை அவன் அப்போதுதான் பார்க்கிறான் என்பது கலைமதிக்கு மட்டும் தெரிந்தது. அவன் தலையைத் தூக்கிப் பெண்கள் நிற்கிற பக்கம் பார்த்தான். அவளுடைய விரலைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு தரையைப் பார்த்தான்.

"நான்தாங்கய்யா தேச்சேன்" என்றான்.

கலைமதி வாயைத் திறந்தாள். மேளம் ஓங்கியது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னால் நகர்ந்தார்கள். பின்னாலிருந்தவள், "நகரு ஆத்தா" என்று முதுகில் தள்ள, பழத்தட்டோடு அவளும் மண்டபத்துக்குள் போனாள். அந்தத் தள்ளு இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன் என்று முகூர்த்தம் முடிகிறவரை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளச் சொல்லிக்கொள்ள அது பொய் என்பது கூடிக்கொண்டே வந்தது.

தாலி கட்டி முடிந்து அட்சதை போட்டபின் வெளியே வந்தாள். நாகராசு வேப்பமரத்தடியில் பம்ப்பைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றான். சரிகைத் துண்டை மடித்துக் கையில் வைத்திருந்தான். அதைத் தோளில் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவளிடம் கொடுத்தான். தேய்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு ஒன்று சொன்னான்.

"வசந்து தம்பி இந்தக் காருலயே பொண்ணு மாப்பிள்ளைய மறுவீட்டுக்குப் புதுக்கோட்டை கூட்டிப் போகுதாம். பைபாஸ்ல."

"ஐயாகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். டயர் விஷயத்துல இனிமே நான் வேற ஆளக் கேட்டுக்குறேன்னு சொல்லிட்டாரு. தம்பிகிட்ட சொன்னேன். பயமா இருந்தா நீங்க மாட்டுவண்டில வாங்கண்ணேங்குது." கொஞ்சம் நிறுத்தி, "இந்த வெயில்ல, அம்பது அறுபதுல விரட்டுனா டயரு சூடேறிப் பிரிஞ்சிரும் கலை. முன் டயரு பிரிஞ்சா கார் எங்கிட்டுப் போகும்னு சொல்ல முடியாது. உள்ள ரெண்டு சின்னஞ்சிறுசு. நான் சொல்றத யாரு கேப்பா இப்ப" என்றான்.

அவன் பொய்யன் ஆகிவிட்டான். பொய்யன் சொன்ன உண்மைக்கு மதிப்பில்லை. அவனைப் பொய்யனாக்கியது அவள் கை.

பந்தியில் இரண்டாவது வரிசை உட்கார்ந்திருந்தது. ஆத்மநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அந்த எலைக்கு அப்பளம் போடு, இந்த எலைக்குப் பாயசம்" என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். கலைமதி நேராக இலைகளுக்கு நடுவில் நடந்துபோனாள். தள்ளிக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வந்தாள். கிட்டே போனதும் தெரிந்தது, ஒதுங்கினால் மறுபடி யாராவது மேளத்தைக் கொட்டி அமுக்கிவிடுவார்கள்.

"ஐயா, எழுத்த அவரு தேய்க்கல. நான் தேச்சேன்."

பக்கத்து இலையில் சாப்பிட்டவர் கையை நிறுத்தினார்.

"போ கலை, அப்பறம் பேசிக்கலாம்" என்றார் ஆத்மநாதன்.

"அவருக்கு எழுத்தே தெரியாதுங்கய்யா. மாட்டுவண்டி டயருன்னு ஒங்ககிட்டச் சொல்லத்தான் கிளம்புனாரு. நான்தான் காலைக் கட்டுனேன். அவரு இல்லாத நேரம் பாத்துத் தேச்சேன். இந்தா பாருங்க." கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் நுனி தோலுரிந்து, வெடிப்பில் கறுப்பு ஏறி, கழுவியும் போகாமல் இருந்தது. "வெளிப்பக்கம் மட்டுந்தான். உள்பக்கம் எழுத்து அப்படியே இருக்கு, குனிஞ்சு பாருங்க. அவரைப் பொய்க்காரருன்னு நெனச்சு அவரு பேச்சத் தள்ளிறாதீங்க. அந்த டயரு ரோட்டுல விரட்டத் தாங்காது. பிள்ளைகள ஏத்தாதீங்க."

பந்தியில் யாரும் சாப்பிடவில்லை. மோர் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். ஆத்மநாதன் அவள் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாட்டுவண்டி டயருங்கறதுல ஒனக்கு என்ன கேவலம்?"

கலைமதி சுற்றிலும் பார்த்தாள். கடைசி இலைகளில் வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிச்சை, சோற்றைப் பிசைந்த கையை இலையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா வண்டிக்காரருங்கய்யா" என்றாள்.

ரப்பர் செருப்பு என்று யாரோ சொன்னதற்குச் சாயங்காலம்வரை நிற்காமல் காரை லாரியில் ஏற்றியவர் ஆத்மநாதன். வேட்டி மடிப்பை அவிழ்த்துவிட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, வேறு காரை எடுக்கும்படி வசந்தைக் கூப்பிட்டுச் சொன்னார். அவளைப் பார்த்து, "சாப்பிட்டுப் போ" என்றார். கோபமா, மன்னிப்பா, சும்மா வழக்கமாகச் சொல்வதா என்று தெரியவில்லை. அவள் சாப்பிடவில்லை.

வசந்த் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏசி காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போனபிறகுதான் தெரிந்தது, ரங்கூன் காரின் சாவி அவன் சட்டைப்பையிலேயே போய்விட்டது. கார் மண்டப வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பாத்திர லாரி வெளியே போகமுடியாமல் ஹாரன் அடித்தது. அடுத்த விசேஷக்காரர்கள் சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்று மண்டபத்துக்காரர் கத்தினார். போன் போட்டால் வசந்த் எடுக்கவில்லை. அந்தக் கனத்தை வீடுவரைக்கும் ஆள் வைத்துத் தள்ளவும் முடியாது.

பிச்சை ஏப்பம் விட்டபடி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "இதுக்கா இம்புட்டு ரோசன? என் காளைக ரெண்டும் தின்னுட்டுச் சும்மாதான நிக்கிதுக" என்றார்.

சீர் இறக்கிய வண்டியிலிருந்து காளைகளை அவிழ்த்து நுகத்தோடு கொண்டுவந்தார். கயிறு கட்டுகிற இடத்தில் நாகராசு நிறுத்தச் சொன்னான். காரின் புது நிக்கல் பூசிய முன்கம்பியில் கயிறு உரசினால் கோடு விழும். சுற்றுமுற்றும் துணி தேடினான். கலைமதி கையில் இருந்த சரிகைத் துண்டைக் கேட்காமலே வாங்கி, மடித்துக் கம்பியில் சுற்றி, அதன்மேல் கயிற்றைக் கட்டினான். ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். பிச்சை நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்தார். காளைகள் கழுத்தைத் தாழ்த்தின. ரங்கூன் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது.

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். போன்கள் உயர்ந்தன. போட்டோகிராபர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். ஆத்மநாதன் படியில் நின்று பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார்.

"ஏறிக்க ஆத்தா, வெயிலு" என்று பிச்சை கலைமதியிடம் சொன்னார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு முன்சக்கரத்தின் ஓரமாக நடந்தாள். சலங்கை ஒரே சீராகச் சத்தம் போட்டது. ரோட்டு வளைவு வந்தது. அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, தெரிந்த முகங்கள் எல்லாம் இருக்கும். கலைமதியின் கால் தானாகப் பின்வாங்கியது. பிறகு நடந்தது.

"அந்த எழுத்துல என்னதான் போட்டிருந்துச்சு?" என்று நாகராசு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டான். அவளைப் பார்க்கவில்லை.

"மாடு இழுக்குற வண்டிக்குன்னு போட்டிருந்துச்சுங்க."

நாகராசு முன்னால் ஆடிப்போகிற இரண்டு வால்களையும் பார்த்தான். கயிற்றையும் துண்டையும் பார்த்தான்.

"சரியாத்தான போட்டுருக்கான்" என்றான்.

பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். டீக்கடையில் யாரோ விசிலடித்தார்கள். கலைமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. தரையையும் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் சக்கரம் மாட்டு நடைக்குச் சுற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் தேய்த்த இடம் மேலே வந்து, வெயிலில் பளிச்சென்று மின்னி, கீழே போனது.